மூக்குக்குக் கீழே பதினோரு பாகை

வேகம் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தோம்.
வேகமாகப் போகிறவருக்குத்
தரை வெறும் நிறம்.

செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைக்கு மேல் மாடியில்,
எட்டு மாதமாக வரைகிறோம்.
சிறகு நேராக, நீளமாக, கொஞ்சம் மந்தமாக.
இன்ஜின் இரண்டும் முதுகுக்கு மேலே,
புழுதி வாயில் விழாத உயரத்தில்.
விமானியைச் சுற்றி டைட்டானியத் தொட்டி.
பீரங்கி நடுக்கோட்டை விட்டு நகரமாட்டேன் என்றது.
முன்சக்கரம் ஒதுங்கிக்கொண்டது,
பந்தியில் பருமனான ஆள் வந்து உட்கார்ந்ததும்
இலையை இழுத்துக்கொண்டு நகர்பவரைப் போல.

வயிற்றில் அடிபட்டாலும் வீடு வரும்.
ஓர் இன்ஜின் போனாலும் வரும்.
இதெல்லாம் கணக்கு. கணக்கு எனக்கு வரும்.

வராதது ஒரு வரி.
தேவைப் பட்டியலில், பதினேழாம் பக்க அடியில்:
"நம்மவருக்கும் எதிரிக்கும் இடையே நூறு மீட்டர் இருக்கையில்"
பக்கம் திருப்பினால் வேறு தலைப்பு. எரிபொருள்.

கூடவே ஒரு பயிற்சி ஒலிப்பதிவு வந்திருந்தது.
ரேடியோவில் ஒருவர் இடம் சொல்கிறார்.
மரம் என்கிறார். எந்த மரம்? பெரிய மரம்.
கீழே படுத்திருப்பவருக்கு எல்லா மரமும் பெரிது.
மேலே இருப்பவருக்கு
எல்லாம் கொத்தமல்லி.

சனிக்கிழமை, ஏற்காட்டுச் சாலை,
மூன்றாவது கொண்டை ஊசி வளைவு.
வண்டியை ஓரங்கட்டிச் சுவரில் உட்கார்ந்து
கண்ணெதிரே அட்டையைப் பிடித்தேன்.
காக்பிட் கண்ணாடியின் கீழ்விளிம்பை
அளவு பிசகாமல் வெட்டிய அட்டை.
மூக்குக்குக் கீழே பதினோரு பாகை தெரியும்.
அதற்கும் கீழே விமானத்தின் சொந்த உடம்பு.

பள்ளத்தில் மேக்னசைட் சுரங்கம்,
தோல் உரித்த மாதிரி வெள்ளை.
தள்ளி ஜவ்வரிசி காயும் களங்கள். அதுவும் வெள்ளை.
அந்த வெள்ளைக்குள் எங்கோ மாதேஷ்,
சிறகு வரைகிறவன்,
காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனவன்.
வெள்ளைச் சட்டையில் போயிருக்கிறான், மடையன்.
இல்லை, அதுதான் சரி.
நம் கண்ணுக்குத் தோதாக
யாரும் உடுத்திக்கொண்டு நிற்கப்போவதில்லை.

"எங்கடா இருக்க?"
"ரெண்டாவது படியில அக்கா. லாரிக்கு வடக்க."
லாரிகள் மூன்று.
வடக்கு, அட்டைக்குள் இல்லை.

ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.
ஆயிரத்து எண்ணூறு மீட்டரில் பார்க்கத் தொடங்கி
எழுநூறில் மூக்கைத் தூக்கியாக வேண்டும்.
இடையில் ஒன்பது நொடி.
மூன்றில் ஒரு புள்ளி கிடைத்தது.
ஐந்தில் இன்னொன்று.
"கையைத் தூக்கு," என்றேன்.

இரண்டு புள்ளிகளும்
கொஞ்சம் நீண்டன.

ஒன்பது. பத்து. பதினான்கு.
கட்டைவிரல் அப்படியே இருந்தது.
சுவர்மேல் வந்த குரங்கு அட்டையைப் பிடுங்கி
ஒரு கடி கடித்துப் பார்த்துப்
பள்ளத்தில் எறிந்தது.

"கூட நிக்கிறது யாருடா?"
"கல்லு பொறுக்குற அம்மா. யாருன்னு தெரியல.
நான் கையைத் தூக்கினதும்
தன்னைத்தான் யாரோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சு
அவங்களும் தூக்குறாங்க.
இன்னும் இறக்கல அக்கா."

திங்கட்கிழமை பதினோரு பாகையைப் பதினைந்தாக்கினேன்.
விமானியின் ஆசனம் உயர்ந்தது.
தொட்டியின் விளிம்பும் கூடவே உயர்ந்தது.
அறுபத்திரண்டு கிலோ.
"இந்த எடைக்குச் சிறகு பத்தாது," என்றான் மாதேஷ்.
"நீட்டு," என்றேன்.
கீழே பட்டறையில்
கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினேழாம் பக்கத்தை மறுபடி எடுத்தேன்.
முடியாத அந்த வரி
இருக்கையில் என்று நிற்கிறது.
இருக்கையில் உட்காரப்போகிறவரை எனக்குத் தெரியாது.
அவருக்கு இனி நான்கு பாகை கூடுதலாகத் தெரியும்:
ஒரு படி, ஒரு லாரி,
கூப்பிட்டதாக நினைத்துக்
கை தூக்கி நிற்கும் ஒருவர்.

ஒன்பது நொடி
ஒன்பது நொடியாகவே இருக்கிறது.